கேள்வித்தாள் வாய் திறக்காத காலை

காலை ஆறே முக்காலில் தொடங்கி எட்டு இருபதுக்குள் அந்த வீட்டில் "அம்மா" என்ற சொல் நாற்பத்து மூன்று முறை ஒலித்தது. இது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. அந்த அம்மாவே குறிப்பேட்டில் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் ஒரு கோடு இழுத்து எண்ணியது. அதில் முப்பத்தொன்று "எங்கே" என்ற கேள்வியோடு வந்தவை. பழக்க தோஷத்தில் கணவர் கூப்பிட்ட இரண்டும் அந்த நாற்பத்து மூன்றில் சேர்த்தி. பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் மனைவியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. அவளும் திருத்தித் திருத்திச் சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

எண்ணுவதும் கேட்பதும்தான் அவள் பிழைப்பு. அதனால் வீட்டில் அவளுக்குக் கேள்வித்தாள் என்று பட்டப்பெயர். வைத்தவர் கணவர்தான். அவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். பதினான்கு வருஷத்துக்கு முன் அவள் கண்ணாடி மாற்றப் போயிருந்தாள். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று அவர் வழக்கம்போலக் கேட்டார். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குன்னு சொன்னா நீங்க கோவிச்சுப்பீங்களா? பயந்துகிட்டு ஏதோ ஒண்ணச் சொல்லிட்டுப் போனவங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். மனிதர் அந்த இடத்திலேயே கவிழ்ந்தார். இன்னும் எழுந்திருக்கவில்லை.

பயனர் அனுபவ வடிவமைப்பாளர் என்று அவளுடைய அலுவலக அட்டையில் போட்டிருக்கும். படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். அவளுடைய மாமனார், ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், யார் கேட்டாலும் "செல்போன்ல பட்டன் எங்க இருக்கணும்னு சொல்ற வேலை" என்று சுருக்கிவிடுவார். அது பாதி உண்மை. மீதிப் பாதி, பட்டனை வைத்த பிறகு அதை அமுக்க வருகிறவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் கிண்டல் செய்வோம் இல்லையா? இந்தத் தொழிலில் அந்தப் பழமொழி தலைகீழ். ஆடுகிறவள் தடுமாறினால் கூடம்தான் கோணல். ஆடுகிறவள் மேல் தப்பே கிடையாது. கோணல் எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, செயலியைக் கையில் கொடுத்து, மனதில் ஓடுவதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பயன்படுத்தச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர் உதவக் கூடாது. "அதோ, மேல இருக்கு பாருங்க" என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்க வேண்டும். விழுங்க முடியாமல் வாய் திறந்தவர் அன்றைக்கு எல்லாருடைய தேநீர்க் கோப்பைகளையும் கழுவ வேண்டும் என்பது அவள் அலுவலகத்தில் எழுதாத சட்டம். எட்டு வருஷத்தில் கேள்வித்தாள் ஒரு கோப்பைகூடக் கழுவியதில்லை. வீட்டில் நேர்மாறு. காலையில் திறந்த வாய், பள்ளி வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் மூடும்.

சின்னவள் பிறந்ததிலிருந்து ஆறு வருஷமாக அவள் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறாள். சோதனை இருக்கிற நாட்களில் மட்டும் மதியத்தில் அலுவலகம் போய்வருவாள். படுக்கையறை மூலையில் ஒரு மேசை. பின்னால் துணி காயப்போடும் கம்பி. கூட்டங்களில் திரையில் அவள் முகம் தெரியும்போது தோளுக்குப் பின்னால் யாருடைய காலுறையாவது எட்டிப்பார்க்கும்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்திலிருந்து துறைத்தலைவி போன் செய்தார். ஊரில் உள்ள பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் தொடுதிரை வைக்கப்போகிறார்கள். எந்த வண்டி எப்போது வரும், எங்கே இறங்கி மாற வேண்டும் என்று தொட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதை வடிவமைக்க ஐந்து பேர் கொண்ட குழு. "நீங்கதான் அதுக்குத் தலைமை எடுக்கணும்" என்றார். ஒரே நிபந்தனை, தினமும் காலை எட்டரைக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் வேண்டும்.

கேள்வித்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. மழை பெய்யும்போது ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் பையுமாக நிற்கிற ஆள் அந்தத் திரையை எதால் தொடுவார்? முழங்கையாலா, மூக்காலா? எழுத்துப் படிக்க வராதவருக்கு அது என்ன சொல்லும்? அறைக்குள் உட்கார்ந்து யோசித்து யோசித்து அலுத்தவள் அவள். தெருவில் நின்று மனிதர்களைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்று வருஷக்கணக்காக ஏங்கிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குதித்தாள். முப்பத்தொன்பது வயதில் குதிப்பதற்குக் கதவைச் சாத்திக்கொள்வதுதான் முறை.

குதித்து முடித்ததும்தான் உறைத்தது. எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் ஏழரைக்கு இங்கே கிளம்ப வேண்டும். வேன் வருவது எட்டு இருபதுக்கு. நடுவில் இருக்கிற அந்த ஐம்பது நிமிஷத்தில் இந்த வீடு என்ன ஆகும்? வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்வதற்கும் ஆதாரம் வேண்டுமே. மறுநாள் புதன்கிழமை காலை அந்த நாற்பத்து மூன்று கோடுகளையும் போட்டாள்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் குறிப்பேட்டை விரித்து வைத்தாள்.

"பாத்தீங்களா? நாப்பத்து மூணு. நான் எப்படி விட்டுட்டுப் போறது?"

"இதுல எனக்கு எத்தனை?" என்றான் மூத்தவன். பன்னிரண்டு வயது. எதையும் வாதாடாமல் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர். "பொத்தாம்பொதுவா குற்றம் சாட்டக் கூடாது."

"உனக்குப் பதினெட்டு."

"எனக்கு?" என்றாள் சின்னவள்.

"உனக்கு இருபத்து மூணு."

சின்னவள் முகம் வெற்றியில் மலர்ந்தது. அவள் பெயர் கடுகு. சிறுத்தாலும் காரம் குறையாது என்று மாமனார் அவள் பிறந்த மறுநாளே கண்டுபிடித்து வைத்த பெயர்.

"நீ போம்மா, நாங்க பாத்துக்குறோம்" என்றார் கணவர்.

"நீங்க பாத்துக்குற லட்சணம் எனக்குத் தெரியாதா? எதிர்ல இருக்குற டப்பா உங்க கண்ணுக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் கண் பாக்குறீங்க."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முட்டையை நிதானமாக மென்று விழுங்கினார். "நீ ஊர்ல இருக்குறவங்கள எல்லாம் உக்காரவெச்சுச் சோதனை பண்ணுவியே, எங்களையும் பண்ணேன். நாளைக்குக் காலைல நீ ஓரமா உக்காரு. வாயத் திறக்காத. நாங்க தேறினா நீ போற. தேறலன்னா நானே உன் தலைவிக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேக்குறேன்."

கேள்வித்தாள் யோசித்தாள். தொழில் விஷயத்தில் அவளை மடக்க இதைவிட நல்ல வலை கிடையாது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, அலுவலகத்தில் சோதனைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற அதே பாடத்தை ஒப்பித்தாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. நான் சோதிக்கிறது உங்கள இல்ல, வீட்டத்தான். தப்பு, சரி எதுவும் கிடையாது. மனசுல என்ன ஓடுதோ அத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யணும். என்னைக் கூப்பிடக் கூடாது."

"மனசுல ஓடுறது எல்லாத்தையுமா?" என்றாள் கடுகு.

"எல்லாத்தையும்."

"நீ வாயத் திறந்தா?" என்றான் வக்கீல்.

"திறக்க மாட்டேன்."

"திறந்தா, ஆபீஸ் சட்டம் வீட்டுக்கும் செல்லும். கப்பெல்லாம் நீதான் கழுவணும்."

"நேரம் பாக்குறது நான்" என்று மாமனார் கைக்கடிகாரத்தைத் தட்டினார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இப்படி ஒரு பொறுப்பு கிடைத்து எத்தனையோ காலமாகிறது.

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கேள்வித்தாள் கூடத்து மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து சமையலறையும் தெரியும், வாசல் கதவும் தெரியும். மடியில் குறிப்பேடு. கையில் பென்சில்.

அடுத்த நிமிஷமே வீடு சந்தைக்கடையாயிற்று. மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று ஒரு குடும்பத்திடம் சொல்வது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போட்டிருக்காது.

"நான் இப்ப எழுந்திருக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறேன்" என்றது அறைக்குள்ளிருந்து வக்கீலின் குரல். "வேண்டாங்கற பக்கம் வாதம் பலமா இருக்கு."

"நான் இப்ப முட்டைய தண்ணிக்குள்ள போடுறேன்" என்றார் கணவர். "ஒண்ணு விரிசல் விட்டுடுச்சு. அது எனக்குன்னு முடிவு பண்ணிட்டேன்."

"ஏழு மணி, ரெண்டு நிமிஷம்" என்றார் மாமனார். "நான் இப்ப, என் மருமக கால் மணி நேரமா பேசாம இருக்குறதப் பாத்து அதிசயப்படுறேன்."

கேள்வித்தாள் அவரை முறைத்தாள். முறைப்பது விதிமீறல் இல்லை.

பால் காய்ந்தது. கணவர் டப்பாக்கள் இருந்த அலமாரிக்கு முன்னால் போய் நின்றார். அந்த அலமாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விடுமுறையில் கேள்வித்தாள் வீட்டில் இருந்த பழைய டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே உயரத்தில் பத்து வெள்ளை டப்பாக்கள் வாங்கி அடுக்கினாள். மூடிகளில் அவளே மெல்லிய கோட்டில் படம் வரைந்தாள். எழுத்து ஒன்றுகூட இல்லை. படத்தைப் பார்த்தாலே புரிய வேண்டும் என்பது அவள் கொள்கை. அந்த அலமாரியின் புகைப்படத்தை அலுவலகத்தில் எல்லாரும் வாய்க்கு வாய் புகழ்ந்தார்கள். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரசனை கெட்ட ஜனங்கள் என்று அவள் விட்டுவிட்டாள்.

"இப்ப சர்க்கரை போடணும்" என்றார் கணவர். "பத்து டப்பா இருக்கு. எல்லாம் பத்துப் பிள்ளைங்க பெத்த வீட்டுல ஒரே துணியில சட்டை தெச்ச மாதிரி இருக்கு. ரெண்டு வருஷமா இத யார்கிட்டயாவது கேட்டுத்தான் எடுத்திருக்கேன், இன்னிக்குத்தான் மூடியவே பாக்குறேன். இது சதுரம். இது அலை. இது காளான்."

அது காளான் இல்லை, காபிச் செடி. கேள்வித்தாள் பென்சிலைக் கடித்தாள்.

"சதுரம்னா என்ன? கல்லு. கல்லுன்னா உப்புக்கல்லு. அப்ப இது உப்பு. அலைன்னா கடல். கடல்னா லீவு. லீவுன்னா சந்தோஷம். சந்தோஷம்னா இனிப்பு. ஆக, இதுதான் சர்க்கரை." அவர் அலை போட்ட டப்பாவைத் திறந்தார். "வெள்ளையாத்தான் இருக்கு. நாக்குல வெச்சுப் பாக்கலாம். ஆனா அது காப்பியடிக்கிற மாதிரி ஆயிடும்."

இரண்டு கோப்பைப் பாலிலும் தாராளமாக இரண்டிரண்டு கரண்டி உப்பு விழுந்தது. கேள்வித்தாளின் பல்லில் பென்சில் நொறுங்கும் சத்தம் மாமனார் காதுவரை கேட்டது.

வக்கீல் வந்து உட்கார்ந்தான். ஒரு வாய் குடித்தான். கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இந்தப் பால் மேல எனக்குக் கடுமையான ஆட்சேபணை இருக்கு."

கடுகு எட்டிப்பார்த்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள். "நான் இப்ப, அப்பா அழுதுட்டே பால் காய்ச்சினாங்களோன்னு நினைக்கிறேன்" என்றாள். மாமனார் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. கணவரும் சிரித்தார். பாலைக் கொட்டிவிட்டு, பத்து டப்பாவையும் வரிசையாகத் திறந்து முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பார்த்துவிட்டு, புதிதாகப் பால் காய்ச்சினார். அதற்கு ஆறே நிமிஷம்தான் ஆனது.

மூலையில் இருந்தவள் சிரிக்கவில்லை. முந்தின நாள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு "எங்கே"யில் பதினேழு அந்த அலமாரியைப் பற்றியது. சோம்பேறிகள், கண் முன்னால் இருப்பதைக்கூடத் தேட மாட்டார்கள் என்று இரண்டு வருஷமாக இந்த மூன்று தலைமுறையையும் அவள் வைதிருக்கிறாள். வந்தவர் போனவருக்கெல்லாம் தப்பு உங்கள் மேல் இல்லை என்று பாடம் ஒப்பிக்கிறவள், சொந்த வீட்டில் ஆடுகிறவர்கள் தலையிலேயே குட்டியிருக்கிறாள். கூடத்தைக் கோணலாகக் கட்டியவளே அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம். அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

இதற்குள் வக்கீல் குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் நின்று வழக்காடிக்கொண்டிருந்தான். அதன் கதவில் ஒரு கால அட்டவணை. ஒவ்வொரு கிழமைக்கும் பள்ளிக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேள்வித்தாள் தயாரித்தது. அன்றைய கிழமை மேல் ஒரு சிவப்புக் காந்தம் இருக்கும்.

"காந்தம் இன்னிக்குப் புதன்னு சொல்லுது. புதன்னா விளையாட்டு உடுப்பு. ஆனா நேத்துத்தான் புதன். அப்ப காந்தம் பொய் சொல்லுது. இத தினமும் நகத்துறது யாரு? அம்மா." அவன் கொஞ்சம் யோசித்தான். "நகத்தலாம்னு எங்கிட்ட யாரும் சொல்லல. நகத்தக் கூடாதுன்னும் யாரும் சொல்லல. நகத்துறேன்."

காந்தம் ஒரு கட்டம் நகர்ந்தது. பையிலிருந்து விளையாட்டு உடுப்பு வெளியே வந்தது, ஓவிய நோட்டு உள்ளே போனது. இந்த ஒரு காந்தத்தை நகர்த்த அவள் தினமும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து சமையலறைக்கு வந்திருக்கிறாள்.

"ஏழு ஐம்பத்தெட்டு!" என்றார் மாமனார். "பால்ல ஆறு நிமிஷம் போச்சு, ஆனா வண்டி நேரத்தப் பிடிச்சிடுச்சு."

உண்மைதான். முட்டை வெந்தது, ரொட்டி கருகாமல் வந்தது, தண்ணீர் புட்டிகள் நிறைந்தன. கடுகின் சடையை அப்பா பின்னினார். அது சற்றே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது, ஆனாலும் சடைதான். வீடு தேறிவிட்டது. ஏழரைக்கு அவள் கிளம்பிப் போயிருந்தாலும் தேறியிருக்கும். பேருந்து நிறுத்தம், மழை, குடை, ஐந்து பேர் குழு எல்லாம் இனி அவளுக்குத்தான். குதிக்க வேண்டிய நேரம். ஆனால் கேள்வித்தாள் நாற்காலியை விட்டு அசையவில்லை. நாற்பத்து மூன்று முறை கூப்பிட்டது உப்புக்கும் காந்தத்துக்கும்தானா? டப்பாவில் எழுதி ஒட்டிவிட்டால் முடிந்துபோகிற ஆளா நான் என்று நினைத்தாள். தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. கூப்பிட்டாலும் குறை, கூப்பிடாவிட்டாலும் குறை என்றால் இவளை என்னதான் செய்வது?

எட்டு பதினான்குக்குக் கடுகு வாசல் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஷூ இரண்டும் இருந்தன. தினமும் இந்த இடத்தில்தான் அன்றைய கடைசி "அம்மா" ஒலிக்கும். "அம்மா, லேஸ்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். கேள்வித்தாள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து, அவளெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து கட்டிவிடுவாள். இன்றைக்குக் கூப்பிடக் கூடாது. கடுகு நாற்காலியைப் பார்த்தாள். அம்மா குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கடுகு, மனசுல ஓடுறதச் சொல்லணும்" என்று மாமனார் எடுத்துக்கொடுத்தார்.

கடுகு பெருமூச்சு விட்டாள். வலது ஷூவை மாட்டிக்கொண்டாள்.

"நான் இப்ப லேஸ் கட்டுறேன்" என்றாள் சின்னக் குரலில். "முதல்ல ஒரு முடிச்சு. இறுக்கி இழுக்கணும். அப்புறம் இங்க ஒரு காது. இங்க ஒரு காது. இந்தக் காத அந்தக் காதுக்குள்ள விட்டு இழுத்தா, முடிஞ்சிடுச்சு."

முடிந்தேவிட்டது. அப்பா பின்னிய சடையைவிட நேராக இருந்தது. இடது காலையும் அதே வேகத்தில் கட்டினாள். வக்கீல் பையை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றான்.

"ஏய், உனக்குக் கட்டத் தெரியுமா?"

"தெரியும். போன லீவுக்கு முன்னாடியே தெரியும்." கடுகு தலையைத் தூக்கவில்லை. மனதில் ஓடுவதை எல்லாம் சொல்ல வேண்டும் என்பது விதி, அவள் விதியைக் காப்பாற்றினாள். "ஆனா தெரியும்னு சொன்னா அம்மா கீழ உக்கார மாட்டாங்க. காலைல அம்மா வேற எங்கயும் உக்கார மாட்டாங்க. அதனால நான் தெரியாதுன்னு வெச்சிருக்கேன்."

மாமனார் நேரத்தைச் சொல்ல மறந்தார்.

கேள்வித்தாள் எழுந்தாள். குறிப்பேடு எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்து மகளெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவளுடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சொல்லப்போனால் அழுகைதான் முதலில் வந்தது. ஆனால் அவள் வாயைத்தான் திறந்தாள்.

"இந்த லேஸ் சரியில்ல. அவுத்துட்டுக் கட்டணும்."

"சரியாத்தான் இருக்கு" என்றாள் கடுகு.

"இல்லடி, கொஞ்சம் லூஸா இருக்கு. பாரு."

"வாயத் திறந்தாச்சு!" என்று வக்கீல் துள்ளினான். "எட்டு வருஷ ரெக்கார்டு காலி! கப்பு அம்மாவுக்கு!"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. கணவர் ஓடிப்போய் ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். மாமனார் கடிகாரத்தைப் பார்த்து, "எட்டு இருபது, எட்டு இருபத்தொண்ணு" என்று முணுமுணுத்தார். அப்புறம் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டார். "பரவால்ல. சிக்னல் கிடைக்கலன்னா வண்டி நிக்கத்தான் செய்யும்." இரண்டு ஷூவின் லேஸும் அவிழ்க்கப்பட்டு, சாவகாசமாக மறுபடி கட்டப்பட்டன.

வேன் போன பிறகு கேள்வித்தாள் எல்லாக் கோப்பைகளையும் கழுவினாள், உப்புப் பால் கோப்பைகள் உட்பட. சட்டம் சட்டம்தான். கைகளைத் துடைத்துக்கொண்டு ஒரு தடித்த கறுப்புப் பேனாவை எடுத்தாள். அழகான அலைக்கு மேல் உப்பு என்று பெரிதாக எழுதினாள். சதுரத்தின் மேல் சர்க்கரை. காளானின் மேல் காபி. கண்ணராவியாக இருந்தது. பத்து டப்பாவும் இப்போது ஏதோ மருந்துக்கடை மாதிரி இருந்தன. கணவர் கடைக்குக் கிளம்பும் முன் எட்டிப்பார்த்து, "இப்ப தெளிவா இருக்கு" என்றார்.

ஒன்பதரைக்கு அவள் துறைத்தலைவிக்குப் போன் செய்தாள்.

"எனக்குச் சம்மதம். ரொம்ப சம்மதம். ஆனா எட்டரைக்கு வர முடியாது. ஒன்பதரைக்குத்தான் வருவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று கேள்வித்தாளுக்குப் பயம்.

"எட்டரைக்குக் குழுக் கூட்டம் இருக்கே" என்றார் துறைத்தலைவி.

"குழுவுக்குத் தலைமை நான்னா, கூட்டம் எப்பன்னு சொல்றதும் நான்தானே? பத்து மணிக்கு வெக்கிறேன். அந்த அஞ்சு பேர்ல மூணு பேருக்கு வீட்டுல பிள்ளைங்க இருக்காங்க. கேட்டுப் பாருங்க, யாரும் அழ மாட்டாங்க."

"அது சரி. அப்படிக் காலைல என்ன வேலை? வீட்டுக்காரர் பாத்துக்க மாட்டாரா?"

"அவர் எல்லாம் பாத்துக்குறார். இன்னிக்குத்தான் சோதிச்சுப் பாத்தேன். என் பொண்ணுக்கு லேஸ் கட்டிவிடணும்."

"ஆறு வயசுல லேஸ் கட்டத் தெரியாதா?"

"அதெல்லாம் என்னைவிட நல்லாக் கட்டுவா."

துறைத்தலைவி திட்டும் ரகம்தான், எவ்வளவோ பேரைத் திட்டியும் இருக்கிறார். ஆனால் இப்போது திட்டவில்லை. "என் பையன் காலேஜ் போறான்" என்றார் சம்பந்தமில்லாமல். "போன வாரம் சட்டை பட்டன் தைக்கத் தெரியலன்னு எங்கிட்ட வந்து நின்னான். வீடியோ பாத்துக் கத்துக்கடான்னு விரட்டிட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒன்பதரைன்னே போட்டுக்குறேன். திங்கள்கிழமை வந்துடுங்க."

கேள்வித்தாள் இந்த முறை கதவைச் சாத்தாமலே குதித்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார், தலையைத் தூக்காமல், "கீழ் வீட்டுல கேக்கப்போகுது" என்றார். அப்புறம் அவரே பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

மாலை நாலு மணிக்கு வேன் வந்தது. வக்கீல் படி ஏறும்போதே செய்தி கேட்டு, தன் வாதத் திறமையால்தான் வழக்கு ஜெயித்தது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனான். கடுகு மட்டும் வாசலிலேயே நின்றாள். முகம் வாடியிருந்தது. பள்ளிக்கூடம் முழுக்க அவள் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். காலையில் உண்மையைச் சொன்னது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவளுக்குப் புரிந்துபோயிருந்தது. இனிமேல் அம்மா கீழே உட்காருவதற்கு என்ன அவசியம் இருக்கிறது?

அவள் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதோடு சொன்னாள்.

"அம்மா, காலைல கட்டினேன்ல, லேஸ். அது இப்ப மறந்துபோச்சு."

கேள்வித்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நல்லா மறந்துபோச்சா?"

"சுத்தமா."

"இனிமே ஞாபகம் வர வாய்ப்பிருக்கா?"

கடுகு தீவிரமாக யோசித்தாள். "ரொம்ப நாளைக்கு வராது."

"வராதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள் கேள்வித்தாள். "அதான் ஆபீஸ்ல ஒன்பதரைக்குத்தான் வருவேன்னு சொல்லிட்டேன்."